கட்டிலுக்கு அடியில் இருந்த தொட்டி

படகு வலது பக்கம் சாயும்போது முதலில் ஜன்னல் திரை நகரும். அடுத்து, அடுப்புக்கு மேலே கொக்கியில் தொங்கும் கரண்டி சுவரைப் போய் உரசும். எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் பின்னறைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வரும். டொக். நன்னீர்த் தொட்டி தன் இடத்தை விட்டு இரண்டு விரல் நகர்ந்து மரக்கட்டையில் இடிக்கிற சத்தம். மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டு அந்த வரிசை டெய்லரம்மாவுக்கு மனப்பாடமாகிவிட்டது. திரை, கரண்டி, டொக். திரை, கரண்டி, டொக்.

அன்று காலை டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது டொக் முதலில் வந்தது.

அதன் பிறகுதான் படகு சாய்ந்தது.

கையில் சோப்பு நுரையோடு அவள் அப்படியே நின்றாள். முப்பத்தொரு வருஷம் தையல் மிஷினோடு வாழ்ந்த காது அது. ஊசி ஒரு குத்து தப்பினால் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். இப்போதும் சொன்னது. இன்னொரு தடவை பார்ப்போம் என்று காத்திருந்தாள். டொக். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு தரை மெதுவாகச் சாய்ந்தது, திரை நகர்ந்தது, கரண்டி உரசியது. தொட்டி முன்னால் போய் நிற்க, படகு அதன் பின்னால் போனது போல இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் கீழ வாங்களேன்."

மேலே ஸ்டீயரிங்கைப் பிடித்து நின்றிருந்தவர் அவள் கணவர். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். வேலையை விட்டும் ஊரில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான், தையல் கடையை மூடியும் அவள் டெய்லரம்மாதான். ஓய்வு பெற்ற மறுவாரமே, ரோடே இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இந்தப் பழைய படகைத் தேடிப் பிடித்தார். "அப்பாவுக்கு ஸ்டாப்பிங்கே இல்லாத ரூட்டு கெடச்சிருச்சு" என்று மகள் சிரித்தாள். கிளம்பி இது ஒன்பதாவது நாள். ஆறாவது நாளே தானாக வழிபிடித்து ஓட்டும் கருவி கெட்டுப்போய்விட்டது. அதிலிருந்து கையால்தான் பிடித்து ஓட்ட வேண்டும்.

அவர் ஸ்டீயரிங்கைக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கி வந்தார். ஏணியில் அவர் இறங்கினால் அறையில் பாதி வெளிச்சம் போய்விடும். அப்படி ஒரு உடம்பு.

"தொட்டி இன்னைக்கு வேற மாதிரி சத்தம் போடுது."

"அதுதான் மூணு நாளா போடுதே."

"இல்லைங்க. படகு சாயறதுக்கு முன்னாடியே போடுது."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். டொக். பிறகு சாய்வு. அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "உள்ள தண்ணி குலுங்குதுல்ல, அதுக்குன்னு ஒரு போக்கு இருக்கும்" என்றார்.

"ஒன்பது நாளா குடிச்சிருக்கோம், குளிச்சிருக்கோம். பாதியாவது காலியாயிருக்கணும். சத்தம் லேசாத்தானே ஆகணும்? இது நாளுக்கு நாள் கனமாகுது."

தொட்டி இருநூற்றைம்பது லிட்டர் பிடிக்கும். பாதி காலியானாலும் இரண்டு ஆள் கனத்துக்குக் குறையாது. அதைப் பிடித்திருக்கும் கட்டை தெறித்துவிட்டால் நேராகப் போய்ப் படகின் பக்கச் சுவரில் மோதும். அந்தச் சுவரின் கனம் கட்டைவிரல் அளவு. அந்தப் பக்கம் கடல். அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.

"ஆப்பு வச்சு இறுக்கிடுவோம்" என்றார்.

பின்னறைக் கட்டில் படகோடு சேர்த்து அடித்தது. மேல்பலகையைத் தூக்க முடியாது, சுற்றிலும் பசை போட்டு, ஆணி அடித்து, பெயிண்டும் பூசியிருந்தார்கள். கால்மாட்டில் மட்டும் ஒரு சின்னக் கதவு. அதன் வழியாகப் படுத்து நுழைந்தால் இடது பக்கம் படகின் சுவர், வலது பக்கம் தொட்டி, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து ஊர்ந்து போகும் சந்து.

"நான் உள்ள போனா படகை ரெண்டா வெட்டித்தான் எடுக்கணும்" என்று அவர் தன் வயிற்றைத் தட்டினார்.

"அதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

"உள்ள எடம் இருக்கு, உள்ள போ, உள்ள போ!" என்றார் அவர், கண்டக்டர் குரலில்.

அவள் சிரித்துக்கொண்டேதான் நுழைந்தாள். நெற்றியில் விளக்கு, இடுப்பில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் இரண்டு மர ஆப்பு.

உள்ளே பழைய ரப்பரும் டீசலும் ஈரக் கட்டையும் கலந்த வாசம் அடித்தது. அதற்கும் அடியில், சாவிக்கொத்தை நெடுநேரம் கைக்குள் பொத்தி வைத்துவிட்டு முகர்ந்தால் வருமே, அந்த வாசம் லேசாக இருந்தது. இடது காதை ஒட்டினாற்போல் கடல் சுவரைத் தடவிக்கொண்டே போனது. வலது தோள் தொட்டியின் மேல் உரசியபோது சில்லென்று இருக்கும் என்று உடம்பைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாள். சில்லென்று இல்லை. வெயிலே படாத அந்த இடத்தில், தொட்டியின் தகடு வெதுவெதுப்பாக இருந்தது.

"என்ன தெரியுது?" கதவருகே தரையில் குப்புறப் படுத்துக் கேட்டார் அவர்.

"நாலு பட்டை போட்டுக் கட்டியிருக்காங்க. ஒன்னு அறுந்திருக்கு, மத்தது எல்லாம் தொளதொளன்னு கெடக்கு."

"நாலா? ரெண்டு போதுமே."

இன்னும் உள்ளே போனாள். தொட்டியின் அந்தக் கோடியில், படகின் சுவரைப் பார்த்தபடி ஒரு வட்ட மூடி இருந்தது. ஒரு தாம்பாளம் அளவு. சுற்றிலும் பதினான்கு நட்டு. கழுவித் துடைக்க வசதியாக மூடியை மேலேதான் வைப்பார்கள். இதை யாருக்கும் கை எட்டாத பக்கம் பார்த்து வைத்திருந்தார்கள். சொன்னாள். "செஞ்சவன் தூக்கக் கலக்கத்துல செஞ்சிருப்பான்" என்று அவர் சொன்னார். ஆனால் அந்த நட்டு ஒவ்வொன்றும் இம்மி பிசகாமல் சம இடைவெளியில் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் இப்படி வராது என்று அவள் கைக்குத் தெரியும்.

முதல் ஆப்பை நுழைந்த பக்கமே அடித்துவிட்டு வந்திருந்தாள். இரண்டாவதை மூடிக்கு அப்பால், கோடியில் செருகினாள். ஒரு அடி. இரண்டு அடி. மூன்றாவது அடிக்குச் சுத்தியலை ஓங்கியபோது கால் பக்கம் மரம் தெறிக்கும் சத்தம் கேட்டது. தொட்டி திரும்பியது. மெதுவாக, தூங்குகிறவர் புரண்டு படுப்பது போல, அதன் அடிப்பக்கம் தரையில் முனகிக்கொண்டே நகர்ந்து, கதவுப் பக்கத்து மூலை படகின் சுவரை நெருங்கிப் போய் நின்றது.

வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கியது.

"ஐயோ! அடி பட்டுச்சா? பேசு!"

"படலை. படலைங்க." குரல் தன்னுடையதாகவே இல்லை. உடம்பைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. வழிதான் இல்லை. தொட்டி கோணலாகத் திரும்பியதில், வந்த சந்து அடைபட்டுவிட்டது. கோடியில் முக்கோணமாக ஒரு பொந்து மிச்சம். அதற்குள் அவள், முழங்கால் மோவாயில் முட்ட, முதுகு படகின் சுவரில் ஒட்ட, உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்கு ஒரு சாண் எதிரே அந்த வட்ட மூடி. மூலைக்கும் சுவருக்கும் நடுவே முஷ்டி அளவு இடைவெளி. அதன் வழியாக அவர் விரல்கள் தெரிந்தன.

"பயப்படாத. தள்ளறேன்."

அவர் மூச்சைப் பிடித்துத் தள்ளும் சத்தம் கேட்டது. சேற்றில் மாட்டிய பஸ்ஸை நாலு பேரோடு நின்று தள்ளியவர். தொட்டி அசையவில்லை. மறுபடி. ஒரு விரல் அளவு போனது. உடனே திரும்பி வந்தது.

"நீ ஏன் எதிர்த்துத் தள்ளுற?"

"நான் தள்ளலைங்க."

"இந்தப் பக்கமா அழுத்துதே!"

"என் கை ரெண்டும் மடியில இருக்குங்க."

படகு பக்கவாட்டில் ஒரு பெரிய அலை வாங்கியது. தொட்டி வழுக்கி வந்தது. ஒரு சாண் இருந்த இடைவெளி நாலு விரலானது.

"படகை அலைக்கு நேரா திருப்பணும்" என்று அவர் எழுந்தார். "அலைய பக்கவாட்டுல வாங்குனா இது உன் மேலதான் வரும். நேரா பிடிச்சா நிக்கும். அதுக்குள்ள தொட்டியக் காலி பண்ணிடலாம். காலியாயிட்டா வெறும் தகர டப்பா. ஒத்தக் கையால இழுத்துப் போட்டுடுவேன்."

குடிக்க நாலு பாட்டில் பிடித்து வைத்துக்கொண்டு எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு அவர் மேலே ஓடினார். பம்ப் ஓடத் தொடங்கியது. படகு திரும்பி அலைக்கு முகம் கொடுத்ததும் ஆட்டம் நின்று, மேலும் கீழுமாக மட்டும் ஏறி இறங்கியது. தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தகடுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குறைவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முதலில் தொண்டை வரை நிறைந்த களக் களக். பிறகு இடுப்பளவில் ஒரு சளசளப்பு. பிறகு அடியில் உருளும் ஒரு கை நீரின் சத்தம். இந்தத் தண்ணீரில்தான் ஒன்பது நாளும் டீ போட்டாள், பல் விளக்கினாள், முகம் கழுவினாள். "ஊர்த் தண்ணிய விட இது இனிக்குது பாரேன்" என்று அவர் இரண்டாவது நாள் சொன்னது ஞாபகம் வந்தது. கடைசியில் பம்ப் காற்றை உறிஞ்சி இரைந்தது. காலி.

ஸ்டீயரிங்கைக் கட்டிவிட்டு அவர் தடதடவென்று இறங்கி வந்தார். "நிமிஷம்தான், கயிறு ரொம்ப நேரம் தாங்காது. இப்ப பாரு." தள்ளினார்.

அசையவில்லை.

கட்டிலின் விளிம்பில் காலை உதைத்துக்கொண்டு தள்ளினார். முனகினார். இல்லை.

"காலியாயிடுச்சே" என்றார். யாரிடமோ முறையிடுவது போல இருந்தது. "ஒரு சொட்டு இல்லையே."

அவள் இடுப்பிலிருந்து ஸ்பேனரை உருவினாள். ஏன் என்று யோசிக்கவில்லை. தொட்டியின் தகட்டில் தட்டினாள். நங். காலிப் பாத்திரத்தின் சத்தம். ஒரு சாண் தள்ளி, நங். இன்னும் ஒரு சாண். நங். மேலே கை எட்டிய தூரத்தில்.

தப்.

மறுபடி அதே இடத்தில். தப். உள்பக்கம் ஏதோ சாய்ந்திருந்தால் வரும் சத்தம். சுவரில் ஒரு ஆள் முதுகைச் சாய்த்திருக்கும்போது அந்தச் சுவரைத் தட்டினால் வரும் சத்தம்.

"அது என்ன?" என்றார் அவர்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பவும் அதே இடத்தில் தட்டினாள்.

நங்.

இடது பக்கம் தட்டினாள். நங். கீழே. நங். மூடிக்கு ஒரு விரல் பக்கத்தில்.

தப்.

முஷ்டி அளவு இடைவெளியில் தெரிந்த அவர் விரல்கள் மெதுவாகப் பின்வாங்கின. பிறகு, வெட்கப்பட்டது போல, மறுபடி வந்து நுழைந்தன. அவள் அவற்றைப் பிடித்துக்கொண்டாள். நனைந்திருந்தன.

"இங்க பாரு." அந்தக் குரலை அவள் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன அன்று, நாற்பத்தெட்டு பேரையும் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்ட குரல். "கட்டில உடைக்கலாம்னு பாக்கறேன். ஆனா அந்தப் பலகைதான் இத மேலருந்து பிடிச்சிருக்கு. உடைச்சு, படகு ஒரு தடவ சாஞ்சுச்சுன்னா நேரா உன் மேல வந்துடும். துறைமுகத்துல ஆள் இருக்கு, கிரேன் இருக்கு. அலையும் அந்தப் பக்கத்துலருந்துதான் வருது. நேரா பிடிச்சு ஓட்டிடறேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு மணி நேரம்."

"என்னைத் தனியா விட்டுட்டுப் போறீங்களா?"

"மேலதான் இருக்கேன். எட்டடி தூரத்துல." அவள் விரலை ஒரு தடவை அழுத்தினார். "ஸ்டீயரிங்க விட்டா உன்னை நசுக்கிடும்மா."

படகு லேசாகப் பக்கம் திரும்பத் தொடங்கியது. கயிறு நழுவுகிறது. விரல்கள் உருவிக்கொண்டு போயின. ஏணியில் காலடி. அவர் எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கினார். அதற்குப் பிறகு, அந்த இரைச்சலில், அவள் கத்தினால் அவளுக்கே கேட்கவில்லை.

படகு முழுவதும் அதிர்ந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர் அதிர்ந்தது. பல் அதிர்ந்தது. நெற்றி விளக்கின் வட்டம் மூடியின் மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. பதினான்கு நட்டையும் அவள் எண்ணினாள். வேறு பார்க்க ஒன்றுமில்லை. திரும்பவும் எண்ணினாள். மணி பன்னிரண்டு இருக்கும். வெளியே நல்ல பகல். எட்டடி மேலே காற்றும் வெயிலும் இருக்கின்றன என்பதை மனசு நம்ப மறுத்தது.

மூன்றாவது தடவை எண்ணும்போது பதின்மூன்றுதான் இருந்தது.

காலுக்கடியில், தரைப்பலகை இடுக்கில், ஏதோ உருண்டு கீழே விழுந்திருக்க வேண்டும். எட்டிப் பார்த்தாள். எஞ்சின் அதிர்வு. அதிர்வில் நட்டு கழலும். மிஷினில் எத்தனை தடவை கழன்றிருக்கிறது. ஸ்பேனரை எடுத்தாள். ஒவ்வொன்றாக இறுக்கினாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, எதிரும் புதிருமாக. கை பழக்கப்பட்ட கை.

ஆறாவது நட்டில் ஸ்பேனரை மாட்டியபோது அது தானாகத் திரும்பியது.

அவள் இறுக்கவில்லை. அவள் கை நின்றிருந்தது. ஸ்பேனர்தான் நகர்ந்தது. இடது பக்கமாக. கால் சுற்று. நின்றது.

அவள் வலது பக்கம் திருப்பினாள். பலம் கொண்ட மட்டும். கால் சுற்று போனது.

இடது பக்கம் திரும்பி வந்தது. அரைச் சுற்று.

"என்னங்க!"

எஞ்சின்.

"என்னங்க! நிறுத்துங்க!"

கையில் இருந்த நட்டை விட முடியவில்லை. விட்டால் கழலும். பிடித்திருக்கும்போதே, மூடியின் மேல்பக்கம் இன்னொரு நட்டு சுற்றத் தொடங்கியது. விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. யாரோ பொறுமையாகத் திருகுவது போல. முனைக்கு வந்தது. விழுந்தது.

ஒரு ஸ்பேனர். இரண்டு கை.

அதை விட்டு இதைப் பிடித்தாள். இதைப் பிடிக்க அது விழுந்தது. கீழே கையை விட்டுத் துழாவினாள். இடுக்கில் விரல் மட்டும்தான் போனது. அடியில் டீசல் கலந்த நீர். நட்டு இல்லை. நிமிர்ந்தபோது இன்னும் இரண்டு போயிருந்தன.

ஒன்பது.

ஏழு.

ஸ்பேனர் வியர்வையில் வழுக்கியது. விழுந்தது. இடுக்கில் போய்விட்டது.

நாலு.

மூடியின் மேல் விளிம்பு ஒரு நூல் அளவு திறந்தது. உள்ளிருந்து காற்று வந்தது. ஈரமே இல்லாத காற்று. சூடானது. சாவிக்கொத்து வாசம். இந்தத் தடவை லேசாக இல்லை.

அவள் முழங்காலை மடக்கி, முதுகைச் சுவரில் அழுத்தி, இரண்டு பாதத்தையும் மூடியின் மேல் வைத்து உதைத்தாள். மூடி அடைந்தது. உதைத்தபடியே இருந்தாள். கடைசி நட்டுகள் நாலும் ஒவ்வொன்றாகக் கழன்று அவள் கால் மேல் பட்டு விழுந்தன. அவள் பார்க்கவில்லை.

எஞ்சின் சத்தம் திடீரென்று கொஞ்சம் தணிந்தது. ஏணி வாசலில் குனிந்து கத்துகிறார். குரலில் சந்தோஷம்.

"கரை தெரியுதும்மா! மலை தெரியுது! இன்னும் நாலு மணி நேரம், தாங்கிக்கோ!"

"வாங்க! இங்க வாங்க!" என்று அவள் கத்துவதற்குள் எஞ்சின் மறுபடி இரைந்தது.

அவள் உதைத்தாள். உள்ளே இருந்தது அவசரப்படவில்லை. மூடியை இடிக்கவில்லை, அறையவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, ஒரே சீராக, அழுத்தம் வந்தது. முதலில் மூடி முழுவதும். பிறகு அது இரண்டு இடமாகச் சுருங்கியது. மெல்லிய தகட்டின் வழியாக அவள் பாதங்களுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. வலது காலுக்கு நேராக ஒன்று. இடது காலுக்கு நேராக ஒன்று. குதிகாலுக்குக் குதிகால். விரலுக்கு விரல். அவள் அளவே.

அவள் தொடை நடுங்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் நடுக்கம் எதுவும் இல்லை.